புல்லிக் கழற்றிப் பெட்டி: எட்டு மாதம் பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

பவர் ஸ்டியரிங் பம்பின் புல்லியை, அதாவது பெல்ட்டு ஓடும் சக்கரத்தை, கழற்றவும் திரும்பப் பொருத்தவும் என்று இணையக் கடைகளில் விற்கப்படும் கருவிப் பெட்டி ஒன்றைச் சென்ற கார்த்திகையில் 1,850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பெட்டியின் மீது தயாரித்த நிறுவனத்தின் பெயர் எதுவும் இல்லை. இதே கருவி வெவ்வேறு நிற டப்பாக்களில், வெவ்வேறு விலைகளில் கிடைக்கிறது. ஆகவே ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தைப் பற்றியதாக இல்லாமல், இந்த வகைக் கருவி முழுவதையும் பற்றியதாக இம்மதிப்புரையை எடுத்துக்கொள்ளலாம். கழற்றும் வேலையைக் கருவி நன்றாகச் செய்கிறது; பொருத்தும் வேலையில் அதை அப்படியே நம்பினால் புதிய பம்பு பாழாகும். இதுதான் என் முடிவு. இதற்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கோத்தகிரியில் ஆறு சக்கர மினி லாரி ஒன்றை வைத்து நானே ஓட்டுகிறேன். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவதும், திரும்பும்போது உரமூட்டையோ சிமெண்டோ மளிகைச் சரக்கோ ஏற்றி வருவதும் என் பிழைப்பு. அரவேணு, குஞ்சப்பனை வழியாக முப்பத்து மூன்று கிலோமீட்டர்தான் தூரம் என்றாலும், அதற்குள் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் இறங்கி ஏற வேண்டும். சமவெளியில் ஓடும் லாரியைவிட மலையில் ஓடும் லாரிக்கு ஸ்டியரிங் பம்பு சீக்கிரம் போய்விடுவதற்குக் காரணம் இந்தப் பாதையிலேயே இருக்கிறது. பெல்ட்டால் சுழலும் பம்பு, எஞ்சின் வேகமாகச் சுழலும்போது நிறைய எண்ணெயையும், மெதுவாகச் சுழலும்போது குறைவாகவும் தள்ளும். கொண்டை ஊசி வளைவில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும். எஞ்சின் சுழற்சி இறங்கியிருக்கும். முன் அச்சில் முழுப் பாரம் அழுத்திக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில்தான் ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒடிக்கிறோம். முனையில் போய் இடித்து நிற்கும்போது அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறுகிறது. சிறிய வண்டிகளிலேயே இது எழுபது பாருக்கு, அதாவது காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ எழுபது மடங்குக்கு, மேல் போகும். குன்னூர்ப் பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் முப்பத்தாறு வளைவுகளிலும் வாரம் முழுக்கப் போய் வரும் வண்டிகளின் பம்பும் எண்ணெயும் எவ்வளவு சூடாகும் என்பதைப் பம்பின் மேல் கையை வைத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

என் வண்டியில் முதலில் வந்தது சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஸ்டியரிங்கைத் திருப்பினால் கன்றுக்குட்டி அழுவதுபோல ஒரு முனகல் கேட்டது. மலைக் குளிரில் எண்ணெய் கெட்டியாகி இருக்கும்போது எல்லா வண்டிகளும் சிறிது முனகும் என்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு வண்டி நிற்கும் இடத்தில் சிவப்பு எண்ணெய்த் துளிகள் விழத் தொடங்கின. புல்லிக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீல் கசிகிறது என்று தெரிந்தது. சீலை மட்டும் மாற்றிவிடலாமா என்று கேட்டபோது, எங்கள் ஊர் மெக்கானிக் புல்லியைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிக் காட்டினார். “தண்டே ஆடுதுங்க அண்ணா, சீல் போட்டா ஒரு மாசம்கூட நிக்காது” என்றார். பம்பையே மாற்றுவது என்று முடிவானது. புதிய பம்பு புல்லி இல்லாமல்தான் வரும். பழையதைக் கழற்றிப் புதியதில் மாட்டிக்கொள்ள வேண்டும். வேலை அங்கேதான் சிக்கியது.

இந்தக் கருவியை வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் பம்பின் முன்பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். பெரிய லாரிகள் பலவற்றில் ஸ்டியரிங் பம்பு எஞ்சினின் பல்சக்கரத்தாலேயே சுழற்றப்படுகிறது. அதற்குப் புல்லியே கிடையாது. வேறு சிலவற்றில் புல்லி, தண்டின் முனையில் நட்டு போட்டு இறுக்கப்பட்டிருக்கும். நட்டைக் கழற்றினால் பாதி வேலை முடிந்தது. மூன்றாவது வகையில் நட்டும் கிடையாது, போல்ட்டும் கிடையாது. தண்டின் விட்டத்தைவிடப் புல்லியின் துளை மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகள் மட்டுமே குறைவாக இருக்கும். அழுத்தி ஏற்றிவிட்டால் அந்த இறுக்கமே புல்லியைப் பிடித்துக்கொள்ளும். இந்த வகையில் புல்லியின் கழுத்து முன்பக்கம் சற்று நீண்டு, அதைச் சுற்றி ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். தண்டின் நடுவில் மரை வெட்டிய துளை ஒன்றும் தெரியும். கழுத்துப் பள்ளம் கழற்றுவதற்கு, மரைத்துளை பொருத்துவதற்கு. இரண்டும் கண்ணில் பட்டால்தான் இந்தக் கருவி உங்களுக்குப் பயன்படும். வாங்கிய பின் என் மைத்துனரின் வண்டிக்கு எடுத்துச்சென்று, அங்கே நட்டைப் பார்த்துத் திரும்பி வந்தவன் நான்.

கருவி வருவதற்கு முன் நாங்கள் செய்த தவறுகளையும் சொல்லிவிட வேண்டும். பட்டறைகளில் இன்றும் அன்றாடம் நடப்பவை அவை. பம்பைப் பிடித்திருக்கும் மூன்று போல்ட்டுகளில் இரண்டைப் புல்லியின் ஓட்டை வழியாகப் பாக்ஸ் ஸ்பேனர் விட்டுக் கழற்றிவிட முடிந்தது. மூன்றாவது போல்ட்டு புல்லியின் மறைவில் இருந்தது. ஆகவே பம்பை வெளியே எடுத்து, கீழே மேட்டுப்பாளையத்தில் ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோவதற்கு வழியில்லை. வண்டியில் இருக்கும்போதே புல்லியைக் கழற்றியாக வேண்டும். முதலில் டயர் லீவரைப் பின்னால் கொடுத்து நெம்பினோம், அசையவில்லை. பிறகு பேரிங் கழற்றும் மூன்று கால் புல்லரைப் புல்லியின் விளிம்பில் மாட்டித் திருகினோம். அந்த விளிம்பு வெறும் தகடு. நடுக்கழுத்து இருந்த இடத்திலேயே இருக்க, விளிம்பு மட்டும் காற்றில் திரும்பிய குடைபோல முன்னால் மடங்கி வந்தது. அத்துடன் நிறுத்தினோம். சுத்தியலை எடுக்கப்போன பையனை மெக்கானிக் தடுத்தது நல்லதாயிற்று. பழைய பம்பு குப்பைக்குப் போவதுதான் என்றாலும், அடி அதைப் பிடித்திருக்கும் வார்ப்பிரும்புப் பிராக்கெட்டிலும் விழும்.

கருவி மலைக்கு வந்து சேர ஐந்து நாட்களாயின. அந்த ஐந்து நாளும் வேறொருவர் வண்டிக்கு வாடகை கொடுத்துக் கேரட்டை அனுப்பினேன். எனக்கு இக்கருவியின் உண்மையான விலை 1,850 ரூபாய் அல்ல. மலையில் வண்டி வைத்திருப்பவர்கள் பம்பு முனகத் தொடங்கும்போதே வாங்கி வைத்துவிடுவது மேல்.

பெட்டியைத் திறந்தால் கறுப்பு நுரை மெத்தையில் பாகங்கள் அழகாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அறுமுகக் கட்டையான ஓர் உடல். அதன் நடுவே ஓடும் தடித்த தள்ளு போல்ட்டு. புல்லியின் கழுத்துப் பள்ளத்தைக் கவ்வும் இரண்டு பாதி வளையங்கள், அவை இரண்டு அளவுகளில். பாதி வளையங்கள் பிரியாமல் மேலே மாட்டும் ஒரு முழு வளையம். பொருத்துவதற்கென்று இரண்டு மூன்று அளவு மரைகளில் ஸ்டட்டுகள் எனப்படும் மரைக்கம்பிகள், ஒரு நீண்ட நட்டு, ஒரு சிறிய பேரிங். செய்முறைத் தாள் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு படமும் நான்கு வரிகளும் மட்டுமே. முதன்முறை செய்பவருக்கு அது போதவே போதாது.

வேலை செய்யும் முறை எளிது. இரண்டு பாதி வளையங்களையும் பள்ளத்தில் உட்கார வைத்து, உடலின் உதட்டோடு சேர்த்துக் கவ்வ விட்டு, முழு வளையத்தை மேலே இழுத்துப் பூட்டுகிறோம். உடலை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் தள்ளு போல்ட்டைத் திருகினால் அது தண்டின் முனையில் மோதிக்கொண்டு புல்லியைத் தன் பக்கம் இழுக்கும். விசை முழுவதும் கழுத்திலும் தண்டிலும் மட்டுமே விழுகிறது. விளிம்புத் தகட்டுக்கு ஒன்றும் ஆகாது. மூன்று கால் புல்லருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

எங்களுக்கு முதல் திருகிலேயே பாதி வளையங்கள் பள்ளத்தை விட்டு வழுக்கி வெளியே வந்துவிட்டன. கருவி போலியோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கீழே சமவெளியில் ஒரு பட்டறையில் இந்தப் பம்பை மாற்றியிருந்தேன். அங்கே புல்லியைச் சுத்தியலால் அடித்தே ஏற்றியிருக்கிறார்கள். கழுத்தின் உதடு அடிபட்டு நசுங்கி, பள்ளத்தின் மேல் பாதி மூடியதுபோல் படிந்திருந்தது. மீதிப் பள்ளத்தில் துருவும் பெயிண்டும் பழைய எண்ணெய்ப் பிசினும் சேர்ந்து கெட்டியாகியிருந்தன. கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாரக்கணக்கில் மூடுபனி விலகாது. எஞ்சின் அறைக்குள் இருக்கும் இரும்புகூட ஈரமாகவே இருக்கும். பள்ளத்தின் அடிவரை வளையம் போய் உட்காராவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் வழுக்கத்தான் செய்யும்.

உடைந்த ஹேக்சா பிளேடின் முனையால் பள்ளத்தைச் சுரண்டி, நசுங்கிய உதட்டை முக்கோண அரத்தால் தேய்த்துச் சீராக்கினோம். முக்கால் மணி நேரம் பிடித்தது. ரேடியேட்டர் விசிறிக்கும் புல்லிக்கும் நடுவே கை நுழையும் இடம் ஒரு சாண்கூட இல்லை. மெக்கானிக் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, நாமே செய்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தது எவ்வளவு பேராசை என்பது விளங்கியது. பிறகு தண்டுக்கும் கழுத்துக்கும் நடுவில் தெரிந்த கோட்டில் துரு நீக்கும் எண்ணெயை விட்டு, அன்று இரவு அப்படியே விட்டுவிட்டோம். தள்ளு போல்ட்டின் மரைக்கும் முனைக்கும் கிரீஸ் தடவினோம். முந்தைய நாள் கிரீஸ் இல்லாமல் திருகியபோது கிறீச்சிட்டது நினைவிருந்தது. உலர்ந்த மரையில் நாம் கொடுக்கும் விசையின் பெரும்பகுதி உராய்விலேயே வீணாகிறது; அது மட்டுமல்லாமல் மரையும் கடித்துக்கொள்ளும். செய்முறைத் தாளில் கட்டாயம் இருந்திருக்க வேண்டிய வரி இது. இல்லை.

மறுநாள் காலை வளையங்கள் வழுக்கவில்லை. ஆனால் புல்லியும் அசையவில்லை. போல்ட்டு இறுகி நின்றது; இன்னும் திருகினால் ஏதாவது ஒன்று உடையும் என்று கைக்கே தெரிந்தது. கேஸ் டார்ச்சால் சூடாக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. பக்கத்திலேயே எண்ணெயில் ஊறிய ஹோஸும் டீசல் குழாயும் இருக்கும்போது தீயை உள்ளே விட எனக்கு மனம் வரவில்லை. டீக்கடையிலிருந்து ஒரு கெட்டில் கொதிநீர் வாங்கி வந்தோம். கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, அதன் மேல் சிறிது சிறிதாக ஊற்றினோம்.

இதைப் படித்துச் சிரிப்பவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. எங்கள் ஊர் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிவரை போகாது. ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். இரும்பு ஒரு டிகிரி சூட்டுக்குத் தன் அளவில் பத்து லட்சத்தில் பன்னிரண்டு பங்கு விரியும். பதினேழு மில்லிமீட்டர்த் துளை எழுபது டிகிரி சூடானால் அது மில்லிமீட்டரில் நூறில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு பெரிதாகும். மொத்த இறுக்கமே நூறில் சில பங்குதான் என்னும்போது இது அற்பமானதல்ல. சூடு தண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் திருக வேண்டும் என்பது மட்டும் முக்கியம். தண்டும் சேர்ந்து விரிந்துவிட்டால் பயன் போய்விடும். மூன்றாவது முறை ஊற்றிய உடன் திருகியபோது, துப்பாக்கியில் கேப் வெடித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் கையை எடுத்துவிட்டோம். கருவி உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். புல்லி இரண்டு மில்லிமீட்டர் முன்னால் வந்திருந்தது. அதன் பிறகு அரைத் திருகு அரைத் திருகாக, முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்துவிட்டது.

கழற்றும் பாகத்துக்கு எனக்குக் குறை சொல்ல ஏதுமில்லை. அவ்வளவு பலம் கொடுத்தும் பாதி வளையங்களின் விளிம்பு மழுங்கவில்லை, உடல் பிளக்கவில்லை. தள்ளு போல்ட்டின் முனை மட்டும் சிறிது காளான்போல் பரந்திருந்தது. அதை அரத்தால் சரிசெய்துவிட்டேன். போல்ட்டின் முனை தண்டின் மரைத்துளையைவிட அகலமாக இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். குறுகலாக இருந்தால் அது துளைக்குள் இறங்கி மரையைச் சிதைத்துவிடும். குப்பைக்குப் போகும் பம்பில் அதனால் நட்டமில்லை. நல்ல பம்பிலிருந்து புல்லியை மட்டும் மாற்றுபவர்கள் இடையில் ஒரு சிறிய இரும்பு வில்லையை வைத்துக்கொள்வது நல்லது.

பொருத்தும் பாகத்துக்கு வருகிறேன். விளிம்பு மடங்கியதால் புல்லியும் புதிதாகவே வாங்க வேண்டியதாயிற்று. எங்கள் முந்தைய முயற்சிக்குத் தண்டம் 900 ரூபாய். புதிய பம்பின் தண்டில் எட்டு மில்லிமீட்டர் மரை. கருவியோடு வந்த எட்டு மில்லிமீட்டர் ஸ்டட்டை விரலால் திருகிப் பார்த்தேன். நான்கு மரைகள் போனதும் நின்றுவிட்டது. துளை அதைவிட ஆழமானது. ஸ்டட்டில்தான் மரை குட்டையாக வெட்டப்பட்டிருந்தது. புல்லியை உள்ளே ஏற்றும் விசை முழுவதையும் இந்த நான்கு மரைகள்தான் தாங்க வேண்டும். ஸ்டட்டின் இரும்பும் மென்மையானது. அரத்தை ஓட்டினால் வெண்ணெய்போல வழிந்தது. பாதி வழியில் ஸ்டட்டு முறிந்து அதன் துண்டு புதிய பம்பின் தண்டுக்குள் மாட்டிக்கொண்டால், அல்லது தண்டின் மரையே உரிந்துவிட்டால், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பம்பு ஒரே நொடியில் போய்விடும். தயாரிப்பாளர் இந்த இடத்தில் மிச்சப்படுத்தியிருப்பது பத்து ரூபாய்கூட இருக்காது என்பதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது.

அப்படியானால் மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டி ஏற்றிவிடலாமே என்று பலரும் சொல்வார்கள். என் பழைய பம்பு இரண்டே ஆண்டில் போனதற்கு அந்தத் தட்டலே காரணம் என்று நான் நம்புகிறேன். பம்புக்குள் ஒரு சுழலியும், அதன் பிளவுகளில் வழுக்கி நகரும் மெல்லிய தகடுகளும், அவற்றை இரு பக்கமும் அணைத்திருக்கும் தட்டுகளும் இருக்கின்றன. அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளி மயிரிழையைவிடக் குறைவு. வெளியே தண்டின் மேல் விழும் அடி நேராக உள்ளே போய்ச் சுழலியைப் பின்தட்டின் மேல் இடிக்கிறது; பேரிங்கிலும் தழும்பு விழுகிறது. அன்றைக்கே தெரியாது, ஓடினால் தெரியும்.

மேட்டுப்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் அளவு சொல்லி ஸ்டட்டு ஒன்று கடைந்து வாங்கினேன். ஒரு முனையில் எட்டு மில்லிமீட்டர் மரை, துளையின் ஆழத்துக்குச் சரியாக. மறு முனையில் நட்டு ஓடுவதற்குத் தடித்த மரை. மென்னிரும்பு வேண்டாம், ஈ.என். 24 என்னும் உறுதியான எஃகுக் கம்பியில் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். 350 ரூபாய் வாங்கினார். அதைத் தண்டில் முழுதும் திருகிவிட்டு, கருவியின் பேரிங்கையும் நட்டையும் போட்டு, கழுத்தின் உட்புறத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி இறுக்கினோம். ஐந்தே நிமிடத்தில், ஒரு சத்தமும் இல்லாமல், புல்லி போய் உட்கார்ந்தது. கழுத்தின் முகமும் தண்டின் முனையும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். எங்கள் பம்புக்கு அதுதான் அளவு. நேரான இரும்பு ஸ்கேலை, அதே பெல்ட்டைச் சுழற்றும் எஞ்சினின் கிராங்க் புல்லியின் முகத்தோடு சேர்த்துப் பிடித்து, இரண்டும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டோம். ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் பெல்ட்டு கத்தத் தொடங்கும், ஓரம் தேயும்.

எண்ணெய் ஊற்றிக் காற்றெடுக்கும் வேலையும் கருவியைச் சேர்ந்ததல்ல என்றாலும், அதில் அவசரப்படுபவர்கள் மறுநாளே புதிய பம்பைக் குறை சொல்லிக்கொண்டு கடைக்கு வருகிறார்கள் என்பதால் இரண்டு வரி. முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, எஞ்சினை ஓடவிடாமலேயே ஸ்டியரிங்கை இரு முனைகளுக்கும் இருபது முறையாவது மெதுவாகத் திருப்ப வேண்டும். ஸ்டியரிங் எண்ணெய் டப்பாவில் குமிழி வருவது நிற்கும்வரை எண்ணெயை நிரப்பிக்கொண்டே வர வேண்டும். அதன் பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எண்ணெய் நுரைத்து வெளிறியிருந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று பொருள். பழைய எண்ணெயில் பளபளவென்று உலோகப் பொடி தெரிந்தால் டப்பாவையும் ஹோஸையும் கழுவாமல் புதிய பம்பை மாட்டக்கூடாது. எங்களுக்குத் தெரிந்தது, கழுவினோம்.

இந்த எட்டு மாதத்தில் கருவி நான்கு வண்டிகளைப் பார்த்துவிட்டது. மைத்துனர் வண்டியில் வேலையில்லாமல் திரும்பி வந்ததைச் சொன்னேன். பச்சைத் தேயிலை ஏற்றும் ஒரு பிக்கப்பில் பத்தே நிமிடத்தில் புல்லி கழன்று வந்தது. அதன் பள்ளம் சுத்தமாக இருந்தது, யாரும் அதன் மேல் சுத்தியலைக் காட்டியிருக்கவில்லை. குன்னூர்ப் பக்கத்து ஜீப் ஒன்றில் பெரிய அளவுப் பாதி வளையம் சற்றுத் தளர்வாகவும் சிறியது நுழையாமலும் இருந்தது. பித்தளைத் தகடு ஒன்றை இடையில் சுற்றி ஒப்பேற்றினோம். ஆனால் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மேற்பூச்சு அங்கங்கே உரிந்து, எங்கள் ஊர் ஈரத்தில் துரு பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்கிறேன். பெட்டியின் கீல் இரண்டாம் மாதமே உடைந்தது. அதை நான் குறையாகச் சேர்க்கவில்லை.

வேறு வழிகளோடு ஒப்பிட்டால், பம்பைப் புல்லியோடு வெளியே எடுக்க முடிகிற வண்டிகளுக்கு ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறைதான் மலிவு. இருநூறு முந்நூறு ரூபாயில் முடியும். லேத்தில் இதேபோன்ற கழற்றியைச் சொல்லிச் செய்வதானால் நான் விசாரித்த இடத்தில் 2,500 ரூபாய் கேட்டார்கள். அதன் இரும்பு இதைவிட நன்றாக இருக்கும். ஒரே அளவுக்குத்தான் உதவும். ஒரே ஒரு வண்டியை வைத்துக்கொண்டு, சமவெளியில், நல்ல பட்டறைக்குப் பக்கத்தில் இருப்பவர் இதை வாங்க வேண்டியதில்லை. மலையில் பட்டறை வைத்திருப்பவர்கள், இரண்டு மூன்று வண்டிகள் ஓட்டுபவர்கள் கட்டாயம் வாங்கலாம். வாங்கியவுடன் ஸ்டட்டுகளைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, தங்கள் பம்பின் அளவுக்கு நல்ல இரும்பில் ஒன்றைக் கடைந்துகொள்ளவும். கழற்றுவதற்குப் பத்துக்கு எட்டு, பொருத்துவதற்கு மூன்று, செய்முறைத் தாளுக்குப் பூஜ்யம்.

கடைசியாக இன்னொரு குறை. உதிரிப் பாகம் கிடையாது. ஜீப்புக்காரருக்கு இரவல் கொடுத்த கருவி திரும்பி வந்தபோது பெரிய அளவுப் பாதி வளையங்களில் ஒன்று இல்லை. விற்ற கடைக்கு எழுதிக் கேட்டேன். முழுப் பெட்டியாகத்தான் விற்போம் என்று பதில் வந்தது. அதே லேத்துக்காரரிடம் போனேன். ஒரு முழு வளையத்தைக் கடைந்து சரிபாதியாக அறுத்தால், ரம்பத்தின் பாதையில் ஒரு மில்லிமீட்டர் போய்விடும் என்பதால் இரண்டு பாதியுமே சிறுத்துப்போகும் என்று அவர் விளக்கினார். நடுக்கோட்டைவிட்டுச் சற்று விலகி அறுத்து, பெரிய துண்டை அரத்தால் சரிசெய்து என்னிடம் கொடுத்தார். சின்னத் துண்டைத் தன் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டார். இப்போது ஒரு பாதி வெள்ளையாகவும் மறு பாதி கறுப்பாகவும் இருக்கும் அந்த வளையம், இதுவரை ஒரு முறைகூட வழுக்கவில்லை.